வயிற்றில் அமைந்த வாய்

நோய் நொடிகளைப் பற்றிப் பேச நம்மவர்கள் பொதுவாகக் கூச்சப்படுவதில்லை. இரத்தக் கொதிப்பையும் சர்க்கரை வியாதியையும் பற்றி, ரயிலில் எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருக்கும் முன்பின் அறியாதவரிடம்கூட மணிக்கணக்கில் பேசுகிறோம்; அவர் சொல்லும் கைமருந்தையும் கேட்டு வைத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு நிலையைப் பற்றிய பேச்சு மட்டும் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. பல வீடுகளில் ஓர் அறையை விட்டு மற்றோர் அறைக்குக்கூடப் போவதில்லை. குடலில் ரண சிகிச்சை செய்து, மலமோ சிறுநீரோ வெளியேறும் வழியை வயிற்றின் மேற்பரப்புக்கு மாற்றி, அங்கே ஒரு பையைப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பப்பட்டவரின் நிலையே அது. அப்படிப்பட்டவர்களுக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற தாதியர் நம் நாட்டில் இருக்கிறார்கள் என்பதும், அவர்களுடைய உதவியை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுப் பெறவேண்டும் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அதைத் தெரிவிப்பதற்காகவே இன்று பேச முன்வந்தோம்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். டாக்டர்கள் இந்தத் திறப்பை ஸ்டோமா என்பார்கள். கிரேக்க மொழியில் அதற்கு வாய் என்று பொருள். உடம்பின் திறப்பை வாய் என்று சொல்வது தமிழுக்கும் புதிதல்ல. ஆசனவாய் என்ற சொல் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. ஆகவே இதைக் குடல்வாய் என்றே சொல்வோம். பெருங்குடலை வயிற்றின் மேலே கொண்டுவந்து தைத்தால் கொலாஸ்டமி; சிறுகுடலின் கடைசிப் பகுதியைக் கொண்டுவந்தால் இலியாஸ்டமி; சிறுநீருக்கு வழி செய்தால் யூராஸ்டமி. ஆஸ்பத்திரி வார்டுகளில் நம் மக்கள் மூன்றையுமே ‘பை வைத்திருக்கிறார்கள்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். அதில் பிழையில்லை. ஆயினும் எந்த வகைப் பை என்பதை நோயாளியும் வீட்டாரும் அறிந்திருக்கவேண்டும். ஏனெனில் மூன்றுக்கும் பராமரிப்பு வேறு, உணவு வேறு, அபாயங்களும் வேறு.

குடல்வாய் பார்வைக்கு நம் உதட்டின் உட்புறம்போல் சிவந்து ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது ஓரிரு துளி இரத்தம் கசிவதுண்டு. பல் துலக்கும்போது ஈறில் கசிகிறதே, அதைப் போன்றதுதான். ஆசனவாயில் கதவுபோல் மூடித் திறக்கும் தசை இருக்கிறது. அந்தத் தசை இங்கே இல்லை. ஆகவே நாமாக அடக்கவும் முடியாது, நினைத்த நேரத்தில் வெளியேற்றவும் முடியாது. பை வேண்டியிருப்பது இதனால்தான்.

யாருக்கு இது தேவைப்படுகிறது? மலக்குடலில் தோன்றும் புற்றுநோய் முக்கியக் காரணம். லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற ரண வைத்திய நிபுணர் 1908-ஆம் ஆண்டில், நோயுற்ற மலக்குடலையும் ஆசனவாயையும் முழுவதும் அகற்றி, வயிற்றில் நிரந்தரக் குடல்வாய் அமைக்கும் முறையை விவரித்தார். அதன் பிறகு பல்லாயிரம் பேர் உயிர் பிழைத்தார்கள். நம் நாட்டில் வேறு காரணங்களும் உண்டு. டைபாய்டு காய்ச்சல் முற்றிச் சிறுகுடலில் ஓட்டை விழுந்தவர், குடற் க்ஷயத்தால் குடல் அடைபட்டவர், விபத்தில் வயிற்றில் காயமுற்றவர் ஆகியோருக்கும் குடல்வாய் அமைக்க நேரிடுகிறது. ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்று ஆசனவாய் சரிவர அமையாமல் பிறக்கிறது. அவற்றில் பல குழந்தைகளுக்குச் சில மாதங்கள் வரை வயிற்று வழியே போக்கிடம். இவற்றில் எல்லாமே நிரந்தரம் அல்ல. உள்ளே தைத்த இடம் ஆறும் வரை தற்காலிகமாக வைத்து, சில மாதங்கள் கழித்து மூடிவிடுவதும் உண்டு. ‘எனக்கு வைத்திருப்பது தற்காலிகமா, நிரந்தரமா?’ என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை இருக்கிறது. கேட்காமலே மாதக்கணக்கில் கலங்கிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

இந்தச் சிகிச்சை நேற்று வந்ததல்ல. 1793-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டுப் பிரெஸ்ட் நகரில் டூரே என்ற வைத்தியர், ஆசனவாய் இல்லாமல் பிறந்த ஒரு சிசுவுக்கு, பிறந்த மூன்றாம் நாளில் குடல்வாய் அமைத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து நாற்பத்தைந்து வயது வரை வாழ்ந்தது. எனினும் உயிரைக் காப்பாற்றிய வைத்தியம், அந்த உயிரோடு வாழும் வகையை நெடுங்காலம் சொல்லித் தரவில்லை. நோயாளிகள் துணியையும் தகரக் குவளையையும் ரப்பர்ப் பையையும் வயிற்றில் கட்டிக்கொண்டு காலம் தள்ளினார்கள். நாற்றத்துக்கு அஞ்சி வெளியே போகாதிருந்தார்கள்.

வழி பிறந்தது 1950-களில்தான். அதில் பெரும்பங்கு ரண வைத்தியர்களுடையது அல்ல என்பது நம் அபிப்பிராயம். 1952-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிரையன் புரூக் என்ற நிபுணர், சட்டைக் கையின் முனையை மடித்து விடுவதுபோல் சிறுகுடலின் முனையை வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் எளிய முறையைக் கண்டார். அதனால் குடல்வாய் சிறு மூக்குப்போல் வெளியே நின்று, கழிவு தோலில் படாமல் நேரே பைக்குள் விழுந்தது. அது வைத்தியரின் பங்கு. ஆனால் பசையுள்ள பையை நினைத்துப் பார்த்தவர் டென்மார்க் தேசத்துத் தாதி ஒருவர். எலீஸ் சோரன்சன் என்பது அவர் பெயர். அவருடைய சகோதரி குடல்வாய் அமைக்கப்பட்ட பின் வீட்டை விட்டு வெளியேறவே அஞ்சிக் கிடந்தார். அதைப் பார்த்துப் பொறாமல், தோலில் தானாக ஒட்டிக்கொள்ளும் பை ஒன்று இருந்தால் என்ன என்று 1954-இல் சோரன்சன் யோசித்தார். பிளாஸ்டிக் தொழில் நடத்திவந்த ஒருவரிடம் போய்க் கேட்டார். அந்தத் தொழிலதிபரின் மனைவியும் ஒரு தாதி. அவர் எடுத்துச் சொன்ன பிறகே கணவர் இணங்கினார் என்கிறார்கள். இன்று உலகெங்கும் பயன்படும் பைக்கு மூலம் இதுதான்.

அதே காலத்தில் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் ரூபர்ட் டர்ன்புல் என்ற ரண வைத்தியர் இருந்தார். பெருங்குடல் புண்ணால் வெகுவாக அல்லலுற்றுத் தம்மிடம் இலியாஸ்டமி செய்துகொண்ட நார்மா கில் என்ற பெண்மணியை, அவர் 1958-இல் தம் நோயாளிகளுக்குப் பராமரிப்புக் கற்பிக்க நியமித்தார். நார்மா கில் அப்போது தாதியுமல்ல, டாக்டருமல்ல, அனுபவித்தவர், அவ்வளவே. 1961-இல் அங்கே இதற்கென ஒரு பள்ளி தொடங்கிற்று. தொடக்கத்தில் குடல்வாய் உள்ளவர்களே அதில் பயின்றார்கள். பின்னாளில் தாதியர் கல்வி முடித்தவர்களுக்கான மேற்பயிற்சியாக அது வளர்ந்தது. 1978-இல் இத்துறைத் தாதியரின் உலகச் சங்கம் அமைய முன்னின்றவரும் நார்மா கில்லே.

இங்கே நம் நாட்டுக்குரிய ஒரு செய்தியையும் சொல்லிவிடுவோம். ஒட்டும் பைகள் பரவுமுன், குடல்வாயைச் சுற்றிய தோலைக் காப்பதற்கு டர்ன்புல் கண்ட பொருள் கராயா என்னும் பிசின். ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மெழுகுபோல் தோலில் படியும் தன்மை அதற்கு உண்டு. அந்தப் பிசின் பெரும்பாலும் நம் ஆந்திர, மத்தியப் பிரதேச வனங்களில், வெளுத்த பட்டையுடைய ஒரு மரத்திலிருந்து பழங்குடி மக்கள் வடித்தெடுப்பது. வடநாட்டில் அந்த மரத்தைக் குல்லு என்பார்கள். பிற்பாடு பெக்டின், ஜெலட்டின் முதலியவற்றால் ஆன தட்டுகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆயினும் அந்நாட்களில் அயல்நாட்டு நோயாளிகள் பலருடைய தோல் வெந்து புண்ணாகாமல் காத்தது இந்தியக் காட்டு மரத்தின் பிசின் என்பதை நினைத்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

இனி, இந்தத் தாதியர் செய்யும் பணிக்கு வருவோம். அவர்களுடைய முதல் வேலை ஆபரேஷனுக்கு முன்பே தொடங்குகிறது. ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு வந்து, நோயாளியைப் படுக்கச் சொல்கிறார், உட்காரச் சொல்கிறார், நிற்கவும் குனியவும் சொல்கிறார். வயிற்றில் எங்கே மடிப்பு விழுகிறது, எங்கே பழைய தழும்பு இருக்கிறது, தொப்புளும் இடுப்பெலும்பும் எவ்வளவு தூரம் என்று பார்த்து, சமதளமான ஓர் இடத்தில் புள்ளி வைக்கிறார். அந்த இடம் நோயாளியின் கண்ணுக்குத் தெரியவேண்டும். தொந்தியுள்ளவருக்குக் கீழே வைத்துவிட்டால் அவர் ஆயுள் முழுவதும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தடவ வேண்டியதுதான். சிறிய வேலையாகத் தோன்றும் இந்தப் புள்ளியில்தான் பின்வரும் வாழ்க்கையின் பாதிச் சுகம் அடங்கியிருக்கிறது.

இங்கேதான் நம்மவர்கள் வாய் திறந்து பேசவேண்டும். ஒவ்வொருவர் உடையும் தொழிலும் வெவ்வேறு. வேஷ்டி கட்டுபவருக்கு இடுப்பில் முடிச்சு விழும் இடம் ஒன்று. புடவை உடுத்தும் பெண்களுக்குப் பாவாடை நாடா இறுகும் இடமும் கொசுவம் செருகும் இடமும் வேறு. அந்த வரியின்மேல் குடல்வாய் அமைந்தால் நாடா அழுத்தும், பை கழலும். கால்சட்டைக்கு இடுப்புவார் அணிபவர், நாள் முழுதும் ஆட்டோ ஓட்டுபவர், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை செய்பவர், தொழுகையில் மண்டியிட்டுக் குனிபவர் எல்லோருக்கும் இது பொருந்தும். பிற மாநிலத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் தாதி வேஷ்டி கட்டும் வகையை அறியாதிருக்கலாம். ஆகவே, ஆஸ்பத்திரிச் சட்டையோடு நின்று புள்ளி வைத்துக்கொள்ளாமல், வீட்டில் உடுத்தும் உடையை ஒருமுறை உடுத்திக் காட்டிய பின் வைத்துக்கொள்வது மிக நல்லது. அவசர ஆபரேஷனில் இதற்கெல்லாம் நேரமிராது என்பது வாஸ்தவம். நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனானால், ‘ஸ்டோமா நர்ஸ் வந்து இடம் குறித்தாரா?’ என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்.

ஆபரேஷன் ஆன சில நாட்களில் பாடம் தொடங்குகிறது. முதல் நாள் நோயாளி முகத்தைத் திருப்பிக்கொள்வார். நல்ல தாதி அதற்காக அவரைக் கடிந்துகொள்வதில்லை. தாம் செய்வதைப் பார்க்கச் சொல்லி, அடுத்த முறை ஒரு கையால் உதவச் சொல்லி, மூன்றாம் முறை அவரையே செய்யவைக்கிறார். நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. மனைவியோ மகளோ ‘நீங்கள் சும்மா இருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று எல்லாவற்றையும் தாமே எடுத்துப் போட்டுக்கொண்டு செய்வார்கள். அன்பின் மிகுதியால் செய்வதுதான். ஆனால் அதனால் நோயாளி தம் உடம்பைத் தாமே தொட அஞ்சுபவராகிவிடுகிறார். கைகால் வழங்கும் ஒருவர் தம் பையைத் தாமே மாற்றக் கற்காமல் ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படலாகாது.

பாடத்தின் சாரம் தோலைக் காப்பதே. குடல்வாய்க்கு வலி இல்லை. அதைச் சுற்றிய தோலுக்கு உண்டு. சிறுகுடலிலிருந்து வரும் கழிவில் ஜீரண நீர்கள் கலந்திருக்கும். அவை இறைச்சியைச் செரிக்க வல்லவையாதலால் தோலையும் அரித்துவிடும். ஆகவே பையோடு சேர்ந்த தட்டில் வெட்டும் துவாரம் குடல்வாயின் அளவுக்குச் சரியாக இருக்கவேண்டும். சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர், அதாவது ஓர் அரிசியின் பருமனே இடைவெளி இருக்கலாம். அதற்கு மேல் விட்டால் தோல் வெந்துபோகும்; இறுக்கினால் குடல்வாய் நெருக்குண்ணும். ஆபரேஷன் ஆன புதிதில் வீங்கியிருக்கும் குடல்வாய் ஆறு எட்டு வாரங்களில் சுருங்கும். எனவே முதல் நாள் வெட்டிய அளவையே பிடித்துக்கொள்ளாமல் அவ்வப்போது அளந்து பார்க்கவேண்டும். தாதி கொடுக்கும் அளவுகோல் அட்டை இதற்கே.

தோலைச் சுத்தம் செய்ய வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். ஸ்பிரிட்டு, டெட்டால் முதலியன கூடா. நம்மவர் எதற்கும் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். புண் என்றால் மஞ்சள் பூசுவார்கள். குளித்தவுடன் பவுடர் போடுவார்கள். இம்மூன்றும் இந்த இடத்துக்கு ஆகா, ஏனெனில் எண்ணெய்ப் பசையும் தூளும் இருக்கும் இடத்தில் தட்டு ஒட்டாது. தோலை நன்கு உலர்த்தி, தட்டை வைத்து, உள்ளங்கையால் சில நிமிடம் பொத்திக்கொண்டிருந்தால் உடம்பின் சூட்டில் பசை நன்கு பிடிக்கும். பை மூன்றில் ஒரு பங்கோ, மிஞ்சினால் பாதியோ நிறைந்தவுடன் காலி செய்துவிடவேண்டும். கனத்தால் அது தன்னைத் தானே இழுத்துக்கொண்டு விழும். காலையில் ஆகாரம் எடுக்குமுன் குடல் அடங்கியிருக்கும். தட்டை மாற்ற அதுவே ஏற்ற வேளை. சாதாரணமாக மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். தோலில் அரிப்போ எரிச்சலோ கண்டால் நாள் கணக்குப் பாராமல் உடனே எடுத்துப் பார்க்கவேண்டும். அரிப்பு என்பது உள்ளே கசிகிறது என்பதற்கு அடையாளம்.

இடது பக்கத்தில் நிரந்தரக் கொலாஸ்டமி உள்ளவர்களுக்கு மற்றொரு வழியும் உண்டு. குடல்வாயின் வழியே வெதுவெதுப்பான நீரை ஏற்றி ஒரே தடவையில் குடலைக் கழுவிவிட்டால், ஒரு நாளோ இரண்டு நாளோ கழிவு வாராதிருக்கும். இதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். இது எல்லோருக்கும் ஏற்றதன்று; இலியாஸ்டமி உள்ளவர் செய்யவே கூடாது. டாக்டர் அனுமதித்து, தாதி நேரில் இருந்து கற்பித்த பிறகே கையாளத் தக்கது.

உணவைப் பற்றி நம் வீடுகளில் வேண்டாத பத்தியம் நிரம்ப உண்டு. ஆறு வாரம் வரை குழைந்த சாதம், இட்லி, மோர், பழுத்த வாழைப்பழம் என்று எளிதாக உண்பது நியாயமே. அதன் பிறகும் ரசம் சாதத்திலேயே ஒருவரை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைப்பதற்கு ஆதாரம் இல்லை. ஒவ்வொரு பதார்த்தமாக, சிறிது சிறிதாகச் சேர்த்துப் பார்த்து, ஒத்துக்கொள்வதை உண்ணலாம். வெங்காயம், பூண்டு, முட்டை, மீன், முட்டைக்கோஸ் ஆகியவை வாயுவையும் வாடையையும் கூட்டும். தயிரும் மோரும் வாடையைத் தணிக்கும் என்பது பலர் அனுபவம். பீட்ரூட் உண்ட மறுநாள் பையில் சிவப்பைக் கண்டு நடுங்கவேண்டாம். இலியாஸ்டமி உள்ளவர்கள் மட்டும் நார்ப் பொருள்களில் கவனமாயிருக்கவேண்டும். தேங்காய்ச் சில்லு, சோளம், வேர்க்கடலை, வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, ஆரஞ்சுத் தோலின் உள்நார் இவை திரண்டு வழியை அடைத்துவிடக்கூடும். உண்டால் கொஞ்சமாக உண்டு, கூழாகும் வரை மென்று விழுங்கவேண்டும்.

இலியாஸ்டமி உள்ளவர்களுக்கு உண்மையான பகை வெயில்தான். நீரையும் உப்பையும் உறிஞ்சிக்கொள்வது பெருங்குடலின் வேலை. அது விலக்கப்பட்டபின் இரண்டும் பை வழியே போய்விடுகின்றன. டெல்லியிலும் நாகபுரியிலும் மே மாதத்து அனலில் இருப்பவருக்கு வியர்வையும் சேர்ந்தால் கேட்கவேண்டியதில்லை. நாக்கு வறளும், சிறுநீர் குறைந்து நிறம் கறுக்கும், கெண்டைக்கால் இழுக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். அப்போது வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பது பயன்தராது; உப்பும் சேரவேண்டும். உப்பிட்ட மோரும் கஞ்சியும் நல்லவை. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், தலை தட்டிய அளவில் போட்டுக் கலக்கிச் சிறிது சிறிதாகக் குடிக்கலாம். இருதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே உப்பைக் கூட்டவேண்டும். யூராஸ்டமி உள்ளவர்களுக்கும் தண்ணீர் நிறையத் தேவை. அவர்களுடைய சிறுநீரில் வெண்மையான கோழை இழைகள் மிதப்பது இயல்பே. வழியாக அமைந்த குடல் துண்டு சுரப்பது அது. மருந்திலும் எச்சரிக்கை வேண்டும். இலியாஸ்டமி உள்ளவர் பேதி மருந்தைத் தொடவே கூடாது. மேலுறை பூசிய மாத்திரைகள் சில கரையாமலே பைக்குள் வந்து விழும், அதைக் கண்டால் டாக்டரிடம் சொல்லவேண்டும்.

இனி, சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கே உரிய தொல்லை ஒன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மகனோடு வசிக்க மும்பைக்கு வந்த ஓர் அம்மாளை நினைத்துக்கொள்வோம். தாராவியிலோ செம்பூரிலோ ஒண்டுக்குடித்தனம். தாதி பேசுவது மராத்தியும் ஹிந்தியும். மொழிபெயர்க்க நிற்பவர் மகன். மகன் எதிரில் அந்தத் தாய் எதைத்தான் கேட்பார்? ‘சரி, சரி’ என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பை கழன்ற முதல் இரவில் துணியைச் சுற்றிக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருப்பார். இதைத் தவிர்ப்பது கடினமல்ல. மருமகளோ, அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பெண்மணியோ உடன் போகலாம். நம் நாட்டு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் மலையாளத் தாதியர் பணி புரிகிறார்கள். அவர்களுக்கு நம் பேச்சு ஓரளவு விளங்கும், கேட்டால் உதவிக்கு வருவார்கள். பையை மாற்றும் முறையை ஒவ்வொரு படியாகத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும்படி ஒட்டிவைக்கலாம். படிக்கத் தெரியாதவர்க்குத் தாதி செய்து காட்டுவதை, அவர் அனுமதியோடு, கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளலாம்.

ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் மறைவுக்கு ஒரு திரைச்சீலை, ஒரு வாளி, ஒரு குவளை, மூடியுள்ள ஒரு டப்பா இருந்தால் ஒருவாறு சமாளிக்கலாம். பொதுக் கழிப்பிடத்தை நம்பியிருப்போர், வரிசை சேருமுன் விடியற்காலையில் காலி செய்துவிட்டு வருவது உசிதம். கழிவைக் கழிப்பிடத்தில் கொட்டிவிட்டு, பையைக் கட்டிச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போடவேண்டும். கழிப்பிடத்திலேயே பையைப் போட்டால் அடைத்துக்கொண்டு, மறைத்ததெல்லாம் மாடி முழுவதும் தெரியவரும்.

மறைவைப் பற்றிப் பேசும்போது மனத்தையும் பற்றிப் பேசவேண்டும். கோயிலுக்குப் போகலாமா, பூஜையில் உட்காரலாமா, கலியாண வீட்டுப் பந்தியில் அமரலாமா என்று உள்ளுக்குள் குமைபவர்கள் உண்டு. எல்லோர் உடம்புக்குள்ளும் இருப்பதுதான் இவருக்கு ஒரு பைக்குள் இருக்கிறது. சரியாகப் பொருந்திய பையிலிருந்து வாடை வெளியே வராது. குளிக்கலாம், பையோடும் குளிக்கலாம், பையை எடுத்துவிட்டும் குளிக்கலாம். உள்காயம் ஆறியபின் உத்தியோகத்துக்குப் போகலாம். கனமான சுமை மட்டும் தூக்கலாகாது, வயிற்றுத் தசை விலகிக் குடல் பிதுங்க இடமுண்டு. இல்லறத்துக்கும் பை தடையன்று. பிள்ளை பெற்ற தாய்மார்களும் இருக்கிறார்கள். மலக்குடல் ஆபரேஷனில் நரம்புகள் பாதிக்கப்பட்டு ஆண்களில் சிலருக்குக் குறை ஏற்படுவது உண்டு. அதற்கும் வைத்தியம் இருக்கிறது. இவற்றைக் கேட்கக் கூச்சமாயிருக்கும் என்பதை அறிந்தே தாதியர் தாமாகப் பேச்சைத் தொடங்கப் பயிற்றப்படுகிறார்கள். ஆனால் ஒருவரும் இவற்றையெல்லாம் பேசாததால், ஆபரேஷனே வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பி, தீரக்கூடிய நோயை முற்றவிட்டு மடிவோரும் உண்டு. அந்த இழப்பை எண்ணியே இத்தனை வெளிப்படையாகப் பேசத் துணிந்தோம்.

சில அடையாளங்களைக் கண்டால் தாதிக்காகக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு விரையவேண்டும். குடல்வாய் கறுத்தோ கருநீலமாகவோ மாறுவது. நில்லாமல் இரத்தம் வருவது. குடல் வழக்கத்துக்கு மீறி வெளியே தள்ளிக்கொண்டு உள்ளே போகாதிருப்பது. இலியாஸ்டமி உள்ளவருக்குச் சில மணி நேரம் ஒன்றும் வெளிவராமல் வயிறு முறுக்கி வாந்தியும் சேர்வது ஆகியவை ஒரு நாள்கூடத் தாமதிக்கத் தக்கவை அல்ல.

செலவைச் சொல்லாமல் விட்டால் பேச்சு நேர்மையாகாது. பைகள் ஏழைக்கு எளிதில் கட்டுபடியாகும் பொருளல்ல. அதனால் கடைப் பாலிதீன் பையை ரப்பர் வளையத்தால் கட்டிக்கொண்டு தோலைப் புண்ணாக்கிக்கொள்வோர் உண்டு. பின்னர் புண்ணுக்கு மருந்து வாங்கும் செலவு வேறு. பணமுடையைத் தாதியிடம் மறைக்கவேண்டாம். தட்டும் பையும் ஒன்றாக வருவது, தட்டு வேறு பை வேறாக வருவது, கழுவித் திரும்பப் பயன்படுத்தக்கூடியது என்று பலவகை உண்டு. கையிருப்புக்கு ஏற்றதை அவர் சொல்வார். பெரிய ஆஸ்பத்திரிகளில் சமூக சேவைப் பிரிவு இருக்கும், அங்கேயும் விசாரிக்கலாம். 1941-இல் திறக்கப்பட்ட மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. இத்துறைத் தாதியருக்குப் பயிற்சியும் அங்கே அளிக்கப்படுகிறது. குடல்வாய் உள்ளவர்களுக்கான ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்னும் சங்கமும் மும்பையில் உண்டு. மற்ற நகரங்களில் இருப்போர், புற்றுநோய் ஆஸ்பத்திரியிலோ பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியிலோ ஸ்டோமா கிளினிக் எந்தக் கிழமையில் நடக்கிறது என்று கேட்டால் வழி தெரியும். இத்தகைய தாதியர் தேவைக்கு மிகக் குறைவு என்பதையும், பல மாவட்டங்களில் ஒருவருமே இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டாகவேண்டும்.

கடைசியாகப் பிரயாணம். பொங்கலுக்கோ கலியாணத்துக்கோ ஊருக்குப் போகாமல் நம்மால் இருக்கமுடியாது. டெல்லியிலிருந்து சென்னைக்கு ஒன்றரை நாள் ரயில். போகும் நாட்களுக்கு வேண்டியதைப் போல் இரு மடங்கு பைகளை எடுத்துக்கொண்டு, அவற்றைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளவேண்டும்; பெட்டி எங்கே போனாலும் பை கையில் இருக்கும். வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் பசை இளகிப் பாழாகும். துணி, காகிதம், குப்பைக்கு ஒரு உறை, ஒரு புட்டி தண்ணீர் ஆகியவையும் உடன் இருக்கட்டும். விமானத்தில் போவோர் கத்தரிக்கோலைக் கைப்பையில் கொண்டுபோகத் தடை நேரலாமாதலால், தட்டுகளை வீட்டிலேயே அளந்து வெட்டிக்கொள்ள வேண்டும். ஊரில் பை எந்தக் கடையில் கிடைக்கும், அவசரமானால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பவற்றைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே தாதியிடம் விசாரித்து, டிக்கெட்டோடு சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்க.